எந்தக் கையில் எந்த ஊசி?

கேள்வி: வக்கீல் மேடத்துக்கு வணக்கம். நான் நியூ ஜெர்சியில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். இன்னும் கிரீன் கார்டு வரவில்லை. 2023 அக்டோபர் 14, சனிக்கிழமையன்று ஒரு ஃபார்மஸியில் ஃப்ளூ ஊசி, கோவிட் ஊசி இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டேன். ஃப்ளூ இடது கையில், கோவிட் வலது கையில். நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்று ராத்திரியே இடது தோளில் தாங்க முடியாத வலி. அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பிப் புலம்பினேன். ஊசி வலிதானே, போய்விடும் என்று நாலு மாதம் ஓட்டினேன். 2024 பிப்ரவரியில்தான் டாக்டரிடம் போனேன். எம்.ஆர்.ஐ.யில் தோள் மூட்டுக்கு மேலே நீர் கோத்திருக்கிறது என்றார்கள். ஒரு ஸ்டீராய்டு ஊசி, ஜூன் வரை பிசியோதெரபி. இன்றும் கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பின்னல் போட முடியாது. இதற்கு இழப்பீடு உண்டு என்று ஒரு தோழி சொன்னாள். ஃபார்மஸி ரெக்கார்டை வாங்கிப் பார்த்தால் ஃப்ளூ வலது கை, கோவிட் இடது கை என்று மாற்றிப் போட்டிருக்கிறது! டாக்டர் குறிப்பிலோ ‘ஒரு மாதமாக இடது தோள் வலி’ என்று இருக்கிறது. 2022-ல் கழுத்து வலிக்கும் சிகிச்சை எடுத்திருக்கிறேன். வழக்குப் போட்டால் விசாவுக்குச் சிக்கல் வரும் என்கிறார் கணவர். வக்கீலுக்குக் கொடுக்கவும் கையில் பணம் இல்லை. தடுப்பூசிக்கு எதிரானவள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று எனக்கே ஒரு கூச்சம். மாமியாருக்கும் ஷிங்கிள்ஸ் (அக்கி) ஊசி போட்டதிலிருந்து கை வலி. அவருக்கும் கேட்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் எழுதிய கூச்சத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்தத் தயக்கத்திலேயே நாள் கடத்தி, கெடு முடிந்த பிறகு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் தோளைக் கெடுத்தது அனேகமாக மருந்து அல்ல, ஊசி இறங்கிய இடம். தோளின் உச்சியில் கையை வைத்துப் பாருங்கள், ஒரு எலும்பு முனை தட்டுப்படும். அதற்கு இரண்டு மூன்று விரல்கடை கீழே, சதை திரண்டிருக்கும் இடத்தில் ஊசி இறங்க வேண்டும். அதற்கு மேலே இறங்கினால், எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்கும் சவ்வுப் பைக்குள் மருந்து போய்விடலாம். தசையில் கரைய வேண்டியது அந்தப் பைக்குள் போய் அழற்சியைக் கிளப்புகிறது. எம்.ஆர்.ஐ.யில் நீர் கோத்திருப்பதாகச் சொன்னது பெரும்பாலும் அந்தப் பையில்தான் இருக்கும். பலருக்கு நடப்பது என்னவென்றால், சட்டைக் கையைக் கீழிருந்து சுருட்டாமல், கழுத்துப் பக்கமாக இழுத்துத் தோளை மட்டும் காட்டுகிறார்கள். கண்ணுக்குத் தெரிவது மேல் பாகம்தான், ஊசியும் அங்கேயே இறங்குகிறது. போடுபவர் நின்றுகொண்டும் நீங்கள் உட்கார்ந்துகொண்டும் இருந்தால் இன்னும் மோசம்.

இந்தப் பாதிப்பைச் சுருக்கமாக ‘சிர்வா’ என்பார்கள். 2010-ல் வந்த ஒரு மருத்துவக் கட்டுரையில் பதின்மூன்று பேரின் கதையோடு அந்தப் பெயர் பரவியது. 2017 மார்ச் 21 முதல் அமெரிக்க அரசின் தடுப்பூசி பாதிப்புப் பட்டியலிலேயே அது இடம்பெற்றுவிட்டது. 2021 ஜனவரியில் அதைப் பட்டியலிலிருந்து தூக்க ஒரு விதி போட்டார்கள். ஏப்ரலில் அதுவும் வாபஸ் ஆனது. ஆக, அரசாங்கமே ஒப்புக்கொண்ட பாதிப்பு இது. இதைக் கேட்பவர் தடுப்பூசிக்கு எதிரி என்றால், பட்டியலில் சேர்த்த அரசாங்கம் யாராம்?

இழப்பீட்டுப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மிச்சக் கூச்சமும் போய்விடும். 1986-ல் இயற்றிய சட்டத்தில் பிறந்த திட்டம் இது. பட்டியலில் உள்ள தடுப்பூசி ஒவ்வொன்றின் மீதும், அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வீதம் வரி. ஃப்ளூ ஊசிக்கு 75 சென்ட். டெட்டனஸ், டிஃப்தீரியா, கக்குவான் மூன்றையும் தடுக்கும் ஊசிக்கு 2 டாலர் 25 சென்ட். அந்த வரி ஒரு நிதியில் சேர்கிறது, இழப்பீடு அதிலிருந்து வருகிறது. அன்று உங்களுக்குப் போட்ட ஃப்ளூ ஊசியின் 75 சென்ட்டும் அதில்தான் போய் விழுந்திருக்கிறது.

எதிராளி யார் என்ற கேள்வியும் இதோடு தீர்கிறது. ஊசி போட்டவர் மீதோ ஃபார்மஸி மீதோ நீங்கள் வழக்குப் போடவில்லை. மனு வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்துக்குப் போகிறது. வெள்ளை மாளிகைக்கு எதிரே லஃபாயெட் சதுக்கத்தின் ஓரத்தில் இருக்கிறது அந்தக் கட்டடம். எதிர்மனுதாரர், அரசின் சுகாதாரத் துறைச் செயலர். அவருக்காக அரசின் நீதித்துறை (ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்) வக்கீல்கள் வாதாடுவார்கள். தீர்ப்பு சொல்வது ஜூரி அல்ல, ‘ஸ்பெஷல் மாஸ்டர்’ என்ற பதவியில் இருப்பவர். ஊசி போட்டவர் தப்பு செய்தார் என்று நீங்கள் நிரூபிக்கவே வேண்டாம். பெரும்பாலும் எல்லாம் காகிதத்திலேயே முடிந்துவிடும், நீங்கள் வாஷிங்டன் போக வேண்டியிருக்காது.

விசா விஷயத்தில் உங்கள் கணவரின் பயம் புரிகிறது. ஆனால் இந்தச் சட்டம் குடியுரிமை கேட்பதில்லை. ஊசி அமெரிக்காவில் போடப்பட்டதா என்றுதான் பார்க்கிறது. வருமானம் பார்த்துக் கொடுக்கும் அரசு உதவித்தொகை அல்ல இது, காயத்துக்கான இழப்பீடு. கிரீன் கார்டு மனுவைக் கவனிக்கும் வக்கீலிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், போதும். உண்மையிலேயே யோசிக்க வேண்டியது வேறொன்று. முடிவு வந்ததும் அது நீதிமன்றத்தின் இணையதளத்தில் பொதுவில் ஏறும், உங்கள் பெயரோடும் உடல்நல விவரங்களோடும். முடிவு வந்த 14 நாளுக்குள், பெயருக்குப் பதில் முதலெழுத்து போதும் என்று விண்ணப்பிக்கலாம். கேட்டவர்க்கெல்லாம் கிடைத்துவிடாது, ஆனால் கேட்கலாம்.

வக்கீல் கட்டணம்: உங்கள் கையிலிருந்து ஒரு சென்ட்டும் போகாது. நியாயமான அடிப்படையோடு நல்லெண்ணத்தில் போட்ட வழக்கு என்றால், தோற்றாலும் கட்டணத்தை அந்த நிதியே கொடுக்கும். ஜெயித்தால் உங்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்கு என்கிற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை, சட்டம் தடுக்கிறது. அப்படி யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இந்த நீதிமன்றத்தில் பதிவு செய்திருக்கும் வக்கீல்கள்தான் ஆஜராக முடியும். அவர்கள் பட்டியல் நீதிமன்ற இணையதளத்திலேயே இருக்கிறது.

சரி, இனி உங்கள் வழக்கு.

பட்டியல்படி சிர்வா என்று ஏற்க நாலு விஷயம் பார்ப்பார்கள். அந்தத் தோளில் முன்பு வலியோ இறுக்கமோ இருந்திருக்கக் கூடாது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். வலியும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட தோளோடு நிற்க வேண்டும். அந்த வலிக்கு வேறு காரணம் இருக்கக் கூடாது. இது போக, பாதிப்பு ஆறு மாதத்தைத் தாண்டி நீடித்திருக்க வேண்டும். உங்களுக்கு அந்த ஆறு மாதம் 2024 ஏப்ரல் நடுவில் முடிகிறது. ஜூன் வரை பிசியோதெரபி போயிருக்கிறீர்கள், ஆக அது தேறிவிட்டது.

கழுத்து வலியை மறைக்காதீர்கள். ஊசிக்கு முந்தைய மூன்று வருட மருத்துவ ரெக்கார்டை எப்படியும் கேட்பார்கள். 2022 அதற்குள் வருகிறது. கழுத்திலிருந்து கிளம்பித் தோள் வழியாக விரல் வரை இழுக்கும் வலி என்று அங்கே எழுதியிருந்தால், தோள் வலியும் நரம்புக் கோளாறுதான் என்று எதிர்த்தரப்பு பேசும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வரும் சாதாரணக் கழுத்துப் பிடிப்பு, தோள் நன்றாக அசைகிறது என்று எழுதியிருந்தாலோ, அது உங்களுக்கே சாட்சி. ஊசிக்கு முன் தோள் நன்றாக இருந்தது என்பதற்கு அதைவிட வேறென்ன வேண்டும்? படித்துப் பார்க்காமல் பயப்பட வேண்டாம்.

‘ஒரு மாதமாக’ என்ற டாக்டர் குறிப்பு கொஞ்சம் உறுத்துகிறது. இப்படி எழுதப்படும் விதம் எனக்குத் தெரியும். நர்ஸ் உள்ளே வருகிறார், “எத்தனை நாளா?” என்கிறார். நாம் “ரொம்ப நாளா” என்கிறோம். அவர் ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும், “ஒரு மாசம் இருக்குமா?” என்று அவரே கேட்கிறார். நாமும் தலையாட்டுகிறோம். கம்ப்யூட்டரில் அது கல்வெட்டாகிவிடுகிறது. அந்த எழுத்துப்படி வலி ஜனவரியில்தான் வந்தது, 48 மணி நேரமெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் வலி தொடங்கிய நாள் குறிக்கப்படாமலோ தவறாகக் குறிக்கப்பட்டோ இருந்தாலும், மற்றச் சாட்சியங்களை வைத்து அது அந்த 48 மணி நேரத்துக்குள்தான் தொடங்கியது என்று ஸ்பெஷல் மாஸ்டர் முடிவு செய்யலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. எலும்பு டாக்டரிடமும் பிசியோதெரபியின் முதல் நாளிலும் நீங்கள் என்ன சொன்னீர்கள்? ‘அக்டோபர் ஊசியிலிருந்து’ என்று அங்கே ஒரு வரி இருந்தால், பிப்ரவரிக் குறிப்பின் கனம் பாதியாகிவிடும். நாலு மாதம் டாக்டரிடம் போகாதது வழக்கைக் கொன்றுவிடாது. ஊசி வலி தானாகப் போகும் என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்? ஆனால் அந்த இடைவெளியில் வேறு காரணத்துக்கு டாக்டரிடம் போய், அங்கே தோளைப் பற்றி வாயே திறக்காமல் வந்திருந்தால் அதை இப்போதே உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் வழக்கின் உயிர்நிலை இதெல்லாம் அல்ல. எந்தக் கையில் எந்த ஊசி என்பதுதான்.

வழக்கமான சிர்வா வழக்கில் ரெக்கார்டில் கை மாறியிருந்தால் நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். ஃபார்மஸி கம்ப்யூட்டரில் ஊசி போடுவதற்கு முன்பே ‘இடது’ என்றோ ‘வலது’ என்றோ தட்டி வைத்துவிடுவதும், அப்புறம் யாரும் திருத்தாமல் விடுவதும் இந்த நீதிமன்றம் பார்க்காத விஷயமல்ல. பின்னால் வந்த டாக்டர் குறிப்புகள் எல்லாம் ஒரே தோளைச் சொன்னால், ஸ்பெஷல் மாஸ்டர்கள் ஃபார்மஸி ரெக்கார்டை ஒதுக்கியதும் உண்டு. உங்கள் விஷயத்தில் கை மாறினால் ஊசியே மாறுகிறது. இடது கையில் போட்டது ஃப்ளூ என்றால் நீங்கள் இந்த நீதிமன்றத்துக்கு வரலாம். கோவிட் என்றால் வாசலே வேறு.

கோவிட் ஊசி இந்தத் திட்டத்தின் பட்டியலில் இல்லை. அதற்கு சி.ஐ.சி.பி. என்று தனியாக ஒரு திட்டம். அங்கே நீதிமன்றம் கிடையாது, சுகாதாரத் துறையே மனுவை வாங்கி அதுவே முடிவு சொல்லும். வலிக்கும் வேதனைக்கும் பணம் கிடையாது, வக்கீல் கட்டணமும் கிடையாது. இன்சூரன்ஸ் முதலானவை கொடுத்தது போக மிச்சச் செலவும் சம்பள இழப்பும்தான். கெடு ஊசி போட்ட நாளிலிருந்து ஒரே வருடம். உங்களுக்கு அது 2024 அக்டோபரோடு போயே போய்விட்டது. ஒரே நாற்காலியில், ஒரே நிமிடத்தில் போட்ட இரண்டு ஊசிக்கு இரண்டு சட்டம். இதில் நியாயம் எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் தெரியவில்லை.

ஆகவே ஃப்ளூதான் இடது கையில் என்று காட்ட வேண்டும். ஃபார்மஸியில் கம்ப்யூட்டர் பிரிண்ட்அவுட் மட்டும் கேட்காதீர்கள். அன்று நீங்கள் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவம் இருக்கும், ஊசி ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் இருக்கலாம். கீழே ஊசி போட்டவர் மருந்தின் லாட் நம்பரும் எந்தக் கை என்பதும் குறிக்கும் கட்டம் உண்டு. அதைக் கையால் நிரப்பியிருந்தால் கம்ப்யூட்டரைவிட அதற்கு மதிப்பு அதிகம். அதையும் முழுசாக, நகலாகக் கேளுங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ரெக்கார்டைத் திருத்திக் கொடுங்கள் என்று ஃபார்மஸியிடம் போய் நிற்காதீர்கள். இரண்டு வருடம் கழித்துத் திருத்திய ரெக்கார்டு, தப்பான ரெக்கார்டைவிடச் சந்தேகத்தைக் கிளப்பும். இருப்பது இருக்கட்டும், அது தப்பு என்று நாம் சாட்சியோடு சொல்லிக்கொள்ளலாம். கணவர் அன்று கூட வந்திருந்தால் அவருடைய பிரமாண வாக்குமூலமும் உதவும்.

இந்த மனுவுக்குக் கெடு முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம். டாக்டர் கண்டுபிடித்த நாளிலிருந்து அல்ல, இதில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். உங்களுக்கு அது 2026 அக்டோபர் 14. அதற்குள் மனு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். ஆனால் ரெக்கார்டு சேர்க்கவே நாலைந்து மாதம் ஓடிவிடும், கடைசி மாதத்தில் வரும் வழக்கை எடுக்கப் பல வக்கீல்கள் தயங்குவார்கள். வேர்ஸ் என்ற அமைப்பில் பாதிப்பைப் பதிவு செய்தாயிற்று, அதுவே மனு என்று நினைப்பவர்களும் உண்டு. அது பாதுகாப்புக் கண்காணிப்புக்கான பதிவேடு. அதில் பதிந்தால் பணமும் வராது, கெடுவும் நிற்காது.

எவ்வளவு கிடைக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் ஓடியிருக்கும். வலிக்கும் வேதனைக்கும் சட்டம் வைத்த உச்சவரம்பு 2,50,000 டாலர். சிர்வாவில் அந்த உச்சிக்குப் போவது அபூர்வம். ஆபரேஷன் வரை போகாத வழக்குகளில் அந்தத் தொகை பெரும்பாலும் ஒரு லட்சம் டாலருக்குக் கீழேதான் நிற்கும். அதோடு கோ-பே, பிசியோதெரபிக்குக் கைக்காசு, சம்பளம் போன நாட்கள், இவற்றுக்கு ரசீது காட்டி வாங்கலாம். காலம் இரண்டு மூன்று வருடம் ஆகலாம். எட்டே ஸ்பெஷல் மாஸ்டர்களுக்குத்தான் சட்டத்தில் இடம். வந்து விழும் மனுக்களிலோ சமீப வருடங்களில் தோள் வழக்குதான் பாதிக்கு மேல். தொகையைக் குறைக்கப்போவது எது என்றும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூனுக்குப் பிறகு நீங்கள் டாக்டரிடமே போகவில்லை. அப்படியானால் ஜூனிலேயே சரியாகிவிட்டது என்பார்கள். பின்னல் போட முடியவில்லை என்பது என்னிடம் மட்டும்தான் எழுதப்பட்டிருக்கிறது, எந்த மருத்துவக் குறிப்பிலும் இல்லை. வழக்குக்காகப் போகச் சொல்லவில்லை. வலி உண்மை என்றால் சிகிச்சைக்குப் போங்கள், கையைப் பின்னால் எவ்வளவு தூரம் கொண்டுபோக முடிகிறது என்று அளந்து எழுதிக்கொள்ளட்டும்.

மாமியாருக்கு இந்த வாசல் திறக்காது. ஷிங்கிள்ஸ் ஊசி பட்டியலில் இல்லை, சி.ஐ.சி.பி.யிலும் இல்லை. ஊசி போட்டவரின் கவனக்குறைவு என்று மாநில நீதிமன்றத்தில் சாதாரண வழக்குப் போடலாம், அங்கே தப்பை நிரூபிக்க வேண்டும். கெடுவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். முதலில் அவர் தோளை ஒரு டாக்டர் பார்க்கட்டும்.

கடைசியாக அந்த வாய்ஸ் மெசேஜ். புலம்பினேன் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அன்று ராத்திரி என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? “ஃப்ளூ ஊசி போட்ட கையைத் தூக்க முடியலக்கா” என்று அதில் இருந்தால், 48 மணி நேரமும் எந்தக் கை என்ற கேள்வியும் ஒரே வரியில் தீர்ந்துவிடும். அதுவும் வழக்கு, வக்கீல் என்ற நினைப்பே இல்லாதபோது சொன்னது. வெறும் “கை வலிக்குது” என்று இருந்தாலும் தேதி நமக்குச் சாட்சி. தமிழில் இருப்பதால் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். உங்கள் போனில் அழிந்திருந்தாலும் அக்கா போனில் இருக்கலாம். இன்று ராத்திரியே கூப்பிட்டு, 2023 அக்டோபருக்குப் போய்த் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். கிடைத்தால் ஃபார்வர்டு மட்டும் செய்தால் போதாது, அனுப்பிய தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைக்க வேண்டும். நீங்கள் வக்கீலைப் பார்க்கும்வரை அக்கா போன் மாற்றாமல் இருக்கட்டும்.